முடிவை முதலில் சொல்கிற வீடு

எங்கள் வீட்டில் யாரும் ஒரு செய்தியை ஆரம்பத்திலிருந்து சொல்வதில்லை. முடிவைத்தான் முதலில் சொல்வார்கள். என் கணவர் மில்லில் வழுக்கி விழுந்து முழங்கை எலும்பு விலகிய அன்று, அவரோடு வேலை பார்க்கிறவர் எனக்குப் போன் செய்தார். "மதினி, அண்ணன் நல்லாருக்காவ, டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காவ" என்றுதான் ஆரம்பித்தார். விழுந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, மாவுக்கட்டுப் போட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. என் அக்கா கான்சாபுரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பசு கன்று போடச் சிரமப்பட்டபோதுகூட, "ரெண்டும் நல்லாருக்கு" என்ற பிறகுதான் பட்ட பாட்டை விவரித்தாள்.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. போனை எடுக்கிறவர்களுக்கு நெஞ்சு அடைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். அதன் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். பேச ஆரம்பிக்கிறவர் முதலில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்றால், வரப்போவது கெட்ட செய்தி. கேட்கிறவர் அப்போதே சுவரைப் பிடித்துக்கொள்வார்.

என் மகள் செய்கிற வேலை இதற்கு நேர் எதிரானது. முடிவை எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவைப்பதுதான் அந்த வேலை.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பட்டப்படிப்பு முடித்ததும் அரசு வேலைக்கான தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. மறுபடியும் எழுதினாள். அதுவும் இல்லை என்று ஆன பிறகு பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்தால்தான் கதவு திறக்கும். குளிப்பதற்குக்கூடச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொல்லவும் பயமாக இருந்தது. ஒரு நாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது என் கணவர் அந்த அறையின் மின்விசிறியைக் கழற்றி ஹாலில் துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு மேசை விசிறி இருந்தது. "சத்தம் வருதுன்னு கழட்டினேன்" என்றார். அது சத்தமே போடாத விசிறி. நானும் ஆமாம் என்றேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அவளை வெளியே கொண்டுவந்தது போன்தான். அறைக்குள் அவள் பார்த்துக்கொண்டே கிடந்த வீடியோக்களை நான் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து நின்று, "என்ன கொழம்பு வைக்கிற?" என்று கேட்டாள். அவள் குரலை அப்படிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. கருவாட்டுக் குழம்பு என்றேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க ஆரம்பித்தாள். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்" என்று கும்பிட்டேன்.

"வணக்கம் சொல்லாதம்மா. அந்த எடத்துலயே தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க."

"வீட்டுக்கு வந்தவுகள வாங்கன்னு சொல்ல வேண்டாமா?"

"வந்தவங்க இல்லம்மா. வழியில போறவங்க. மொதல்ல கொக்கி போடணும்."

கொக்கி என்பது அவளுடைய வார்த்தை. பார்க்கிறவர் மனதில் ஒரு கேள்வியை மாட்டிவிட வேண்டும்; பதிலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அன்றைய வீடியோவில் அவள் குரல் இப்படி ஆரம்பித்தது: "இந்தக் கொழம்புல எங்கம்மா ஒரு சாமானைப் போடுவாங்க. அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க." மாங்கொட்டைதான். ராஜபாளையத்தில் யார் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் மாங்கொட்டை இல்லை?

"அதைச் சொன்னா என்னட்டி?"

"சொன்னா போயிருவாங்கம்மா."

அதன் பிறகு அவளிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கண் சலிப்பதற்குள் கரண்டிக்குப் போக வேண்டும், பிறகு என் முகம், பிறகு கொதி. சுவையான இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி வேறொன்றைக் காட்ட வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் இன்னொரு கேள்வியை மாட்டிவிட வேண்டும். நான் பேசும்போது இடையில் மூச்சு வாங்குகிற இடங்களை எல்லாம் அவள் வெட்டிவிடுவாள். அந்த வீடியோக்களில் நான் மூச்சே விடாமல் பேசுவேன். பார்க்கும்போது எனக்குத்தான் நெஞ்சு இறுகும்.

போனில் ஒரு கோடு இருந்தது. பார்க்க ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் எந்த இடம் வரை இருந்தார்கள் என்பதை அந்தக் கோடு காட்டும். மேலே ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வரும். எங்கே சடாரென்று இறங்குகிறதோ அங்கே தப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து அதைக் காட்டுவாள்.

"இங்க பாரு. நீ கருவாட்ட நல்லாக் கழுவணும்னு சொன்ன எடத்துல அம்புட்டுப் பேரும் போயிட்டாங்க."

"கழுவாமத் திங்கிற கூட்டமா அது?" என்றார் என் கணவர்.

அவள் சிரித்தாள். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சிரித்தோம்.

கோடு இறங்காமல் நின்ற இடங்கள் நான் கோபப்படுகிற இடங்கள். ஒரு தடவை உப்பு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. அடுப்பில் குழம்பு பொங்க, நான் நிஜமாகவே கத்தினேன். அந்த இடத்தில் கோடு மேலே ஏறியிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றாள். தெருவில் போகும்போது பெண்கள் என்னைப் பார்த்து, "உப்பு கெடச்சதா?" என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அந்த மாதத்தில்தான் என் கணவர் மின்விசிறியைத் திரும்ப மாட்டினார்.

பிறகு எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

குளிக்கும்போது கையில் பட்டது. சுண்டைக்காய் அளவு. நான் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு போகிறது என்பது தெரிந்தவளுக்கு, தன் உடம்பைக் காட்ட எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தெரியவில்லை. ராஜபாளையத்தில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைவிடப் பல வயது மூத்தவள். மகனும் மருமகளும் கூட இருந்தாலும் வயலையும் மாட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். முடிவு தெரியாமல் அவளிடம் எப்படி ஆரம்பிப்பது? எங்கள் வழக்கப்படி முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை என் கையில் இல்லை.

புதன்கிழமை ரிப்போர்ட் வாங்கப் போனோம். கவரை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் எதிரில் நின்று போனைத் தூக்கினாள்.

"எடுக்காதட்டி. இதையுமா எடுப்ப?"

"எனக்குப் பயமா இருக்கும்மா. எதையாவது பிடிச்சுக்கிட்டிருந்தாத்தான் நிக்க முடியும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போனதும் டாக்டரம்மா, நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே கவரைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான், உக்காருங்க" என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான் போல. மகள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டு, "நல்லாருக்கேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சூடாகப் பால்கோவா வாங்கி, நின்றபடியே இருவரும் தின்றோம். அக்காவுக்கு இப்போதே சொல்லலாமா என்று நினைத்தேன். கட்டி இருந்ததே தெரியாதவளுக்கு எதற்கு, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள். அவள் கண்களில் நீர் நின்றது. எனக்குப் புரியவில்லை. அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள்.

பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். கவரின் ஓரத்தை விரல்கள் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தன. அப்படிச் செய்தது எனக்கே தெரியாது. மகளின் குரல்: "எங்கம்மா கையில இருக்கிற இந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு இன்னும் தெரியாது." நடுவில் நான் உப்பு டப்பாவுக்குக் கத்திய பழைய துண்டு, நான் சிரிக்கிற ஒரு துண்டு, மறுபடியும் பெஞ்சு. கடைசியில் டாக்டர் அறைக் கதவு திறக்கிறது. அதோடு நின்றுவிட்டது. மீதி ஞாயிற்றுக்கிழமை என்று எழுத்து வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க பாரேன். கோடு எறங்கவே இல்ல. கடைசி வரைக்கும் இருந்திருக்காங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் உனக்காகச் சாமி கும்புடுறாங்க."

"நமக்குத்தான் தெரியுமே. தெரியாதுன்னு சொல்லியிருக்க."

"எடுக்கும்போது தெரியாதுல்லம்மா? பொய் சொல்லல." அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதம்மா. ஒருத்தர் சொன்னாலும் கமெண்ட்ல போட்டுருவாங்க. அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க. இது மட்டும் நெலைச்சு நின்னுட்டா நானும் நின்னுருவேன்."

என் கணவர் வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை என்ன, இந்தா வந்துரும்" என்றார். சொல்லிவிட்டுப் பின்கட்டைப் பார்த்தார். எனக்கும் அந்த அறைதான் கண்ணில் நின்றது. திறந்திருந்தது. விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் தன் தட்டில் இரண்டாவது தோசையைப் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லாமல் அவளாக இரண்டாவது தோசை எடுத்துச் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. நான் சரி என்றேன்.

பார்க்க வருகிறவர்கள் அன்றே வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வர மாட்டார்கள். ஆப்பிள், ரொட்டி, சத்து மாவு, ஹார்லிக்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எதிர்வீட்டு அம்மா, தெலுங்கு பேசுகிறவர், வாசலிலிருந்தே "ஏமைந்தம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருச்சா, இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை தெரியும்" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமை சொல்லுதாவ? எங்க தம்பி பெஞ்சாதியும் இப்படித்தான், நல்லாத்தான் இருந்தா."

"இப்ப எப்படி இருக்காவ?"

"இப்ப இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அவசரமாக ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்து, "நீ தின்னு" என்றார். அவர் போகும்வரை அதைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். நான் அந்த அம்மாவின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சந்தோஷத்தில் எழுந்து ஒரு ஆட்டமே ஆடியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. முடிவு தெரிந்த விஷயத்தை முடிவு தெரியாததுபோலச் சொல்ல நான் பழகியதில்லை. எதைச் சொன்னாலும் பாதியில் நின்று, மகளின் முகத்தைப் பார்த்து, அடுத்த சொல்லைத் தேட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்போது உடம்பும் அப்படி ஆகிவிடுகிறது. குளியலறையில் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பெரிதானதுபோல இருந்தது. டாக்டரம்மா சரியாகப் படித்தாரா? வேறு யாருடையதையாவது என்னுடையது என்று சொல்லிவிட்டாரா? ரிப்போர்ட்டை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மகளிடம் கேட்டேன்.

"அதைக் கவருக்குள்ள போட்டு ஒட்டி வச்சிருக்கேன்மா. ஞாயித்துக்கிழமை நீ பிரிக்கிற மாதிரி எடுக்கணும்ல? கிழிச்ச கவரக் காட்டுனா கண்டுபிடிச்சிருவாங்க. புதுக் கவர்."

அவள் மேசையில் அது இருந்தது. பசை காய்ந்திருந்தது. என் உடம்பைப் பற்றி எழுதிய காகிதம், என் வீட்டில், என் கைக்கு எட்டுகிற இடத்தில். நான் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை, புரட்டாசிச் சனி. அலுவலகம் அரை நாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்காவின் மருமகள்.

"சின்னத்த, பதறாதீய. அத்தை நல்லாருக்காவ."

நான் சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. முதலில் வர வேண்டிய வார்த்தை வந்துவிட்டதே.

"நாங்க திருவண்ணாமலையில இருக்கோம். அத்தை மொட்டை போட்டுக்கிட்டாவ. உங்களுக்காக நேந்துக்கிட்டாவளாம்."

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற மலைப் பெருமாள் கோயிலைத்தான் சொன்னாள். முடி காணிக்கை அங்கே எல்லாரும் கொடுப்பதுதான். ஆனால் நோய் குணமான பிறகுதான் கொடுப்பார்கள். காரியம் ஆவதற்கு முன்பே யாரும் போய் உட்காருவதில்லை.

"எதுக்கு இப்பவே? யாரு சொன்னா அவகிட்ட?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல காட்டிருச்சு. நீங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கதப் பாத்ததுலருந்து அத்தை சோறே திங்கல. உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். வேண்டாம்னுட்டாவ. நல்ல சேதியா இருந்தா மொதல்லயே சொல்லிருப்பா, சொல்லலன்னா அதுதான்னு சொல்லிட்டு ஒரே அழுகை. இன்னைக்குக் காலையில கெளம்புன்னுட்டாவ."

நான் மகளின் அறைக்குள் போய் மேசையிலிருந்த கவரை எடுத்தேன்.

"அம்மா, எங்க கொண்டு போற? அதக் கிழிச்சிராத, நாளைக்கு வேணும்."

"உங்க பெரியம்மா மொட்டை போட்டுட்டா."

அவள் எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மலைக்குப் போகிற பஸ்ஸில் நெரிசலோடு நின்றுகொண்டு போனோம். அடிவாரத்தில் குளத்துப் பக்கம் ஒரு மரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தூரத்திலிருந்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தேடியது கொண்டையை. கழுத்துக்குமேல் ஒரு பானை அளவுக்கு இருக்கும் அவள் கொண்டை. களை எடுக்கும்போதுகூடக் கலையாது. இப்போது சந்தனம் பூசிய தலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. காதுகள் பெரிதாகத் தெரிந்தன. முக்காடு போடவில்லை. நேர்ந்ததைச் செய்து முடித்தவளின் முகம் அவளுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீ எதுக்குட்டி அலைஞ்சுகிட்டு வார? ஒடம்பு முடியாதவ."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாருக்கேன்."

அவள் என் கன்னத்தைத் தடவினாள். "சரிட்டி."

"நெசமாத்தான் சொல்லுதேன். வெறும் கட்டி."

"எங்கிட்ட மறைக்காத. நீ அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்த இருப்பை நான் பாத்தேன். நல்லாருந்தா அன்னைக்கே சொல்லிருப்ப."

எவ்வளவு சொன்னாலும் அவள் தலையைத் தலையை ஆட்டினாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வார்த்தை, அன்று அந்தக் குளத்தங்கரையில் என் வாயிலிருந்து வந்தபோது அவளுக்குக் கேட்கவே இல்லை. நான் கவரைக் கிழித்தேன். மகள் கையில் போன் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அக்கா அதை என்னிடம் வாங்கி என் மகளிடம் நீட்டினாள்.

"நீ படி. உங்கம்மா வேண்டாம்."

மகள் படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கடைசி வரிக்கு வந்தாள். "ஒண்ணுமில்ல பெரியம்மா. சாதாரணக் கட்டிதான்."

அக்கா மலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள். "இது என்னைக்குத் தெரிஞ்சுது?"

மகள் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னைக்குட்டி?"

"புதன்கிழமை" என்றாள் மகள்.

"அந்தப் படத்தப் போடும்போதே தெரியுமா?"

"தெரியும் பெரியம்மா."

"பொறவு ஏன் சொல்லல?"

என் மகள் சொல்லப் பார்த்தாள். பாவம், அவளுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். "மொதல்லயே சொல்லிட்டா யாரும் பாக்க மாட்டாங்க பெரியம்மா. பாதியிலயே போயிருவாங்க."

"நானுமாட்டி?" என்றாள் அக்கா. "உங்கம்மாவ நான் பாதியில விட்டுட்டுப் போயிருவேனா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு முந்தானையை எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அதுவரை வெறும் தலையோடு இருந்தவள். காதுக்குப் பின்னால் நன்றாக இழுத்துச் செருகிக்கொண்டாள். மருமகள், "பஸ்ஸு போயிரும், வாங்க" என்றாள். போகும்போது அக்கா துளசிப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "குடுத்தது குடுத்ததுதான். இனிமே உனக்கு ஒண்ணும் வராது" என்றாள். என் மகளை அவள் திட்டவில்லை. தலையைத் தொடவும் இல்லை.

திரும்பி வரும்போது மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் எழுந்து போய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாங்களே திரும்ப மாட்டிய விசிறி. "சாப்பிட வாம்மா" என்றார். "பசிக்கலப்பா" என்று பதில் வந்தது. அந்தப் பதிலே போதும் என்று இருந்தது. செத்த நேரம் கழித்து அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அப்படித்தான் அன்றைய பொழுது போனது. தண்ணீர் வேணுமா, கொசு இருக்கா, ஜன்னல் திறந்திருக்கா. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் வரும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டு வாசலில் அப்படியே இருந்தது. என் போனில் ஒரே கேள்வி. எப்போது போடுவீர்கள், என்ன ஆயிற்று, ஏன் போடவில்லை. போடாமல் விட்டால் எனக்கு நோய்தான் என்று அவர்களே முடிவுகட்டிவிடுவார்கள், என் அக்கா கட்டியதுபோல. போடச் சொன்னால் என் பிள்ளை என்ன ஆவாள் என்று தெரியாது. சமாதானம் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். கதவைத் தட்டி, "வா, எடுக்கணும். எனக்குக் குழம்புக்கு நேரமாகுது" என்றேன்.

வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. முகம் வீங்கியிருந்தது. "என்னத்த எடுக்க? கவரையும் கிழிச்சாச்சு."

"நீ பிடி. நான் பேசுதேன்."

அடுப்படியில் நின்றேன். கும்பிட்டு, "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். போனுக்குப் பின்னால் அவள் உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்கேன். புதன்கிழமையே தெரியும். சொல்லாம இருந்துட்டோம். எங்க அக்கா பயந்துபோய் முடி குடுத்துட்டு வந்துட்டா. பார்க்க வந்தவுக, சாமி கும்பிட்டவுக எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க." அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். அவள் போனை அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. மூச்சை வெட்டாமல்தான் போட்டாள்.

சாயங்காலம் கோட்டைக் காட்டினாள். "நல்லாருக்கேன்" என்று நான் சொன்ன இடத்தில் சுவரிலிருந்து விழுந்ததுபோல இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு தரையோடு தரையாக ஒரு கோடு.

"போயிட்டாங்கம்மா."

"போகட்டும். சேதி தெரிஞ்சிருச்சுல்ல."

ஏமாற்றுக்காரிகள் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். போனைப் பிடுங்க எனக்குத் தைரியமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பின்கட்டில் ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். என் கணவர் ஸ்டூல்மேல் ஏறி, ஸ்குரூ டிரைவரோடு மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும், "சத்தம் வருது" என்றார். மகள் விசிறியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த விசிறியைக் கழற்றியது எதற்கு என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. அருகே போய் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எறங்குங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டாள். அவர் இறங்கவில்லை. கழற்றவும் இல்லை. கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். 

விசிறி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மகள் இப்போதும் வீடியோ எடுக்கிறாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக் கடைக்காக. கொக்கி போடுகிறாள், கோட்டைப் பார்க்கிறாள். என்னை வைத்து எடுப்பதில்லை. எங்களிடம் கோட்டைக் காட்டுவதும் இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்திக்கொள்கிறாள்.

அக்காவுக்குத் தலையில் முடி முள்ளாக வளர்ந்திருக்கிறது. மகனிடம் சொல்லிப் படம் தெரிகிற போன் ஒன்று வாங்கிக்கொண்டாள். தினமும் விளக்கேற்றிய பிறகு கூப்பிடுகிறாள். எடுத்தவுடன் நான், "நல்லாருக்கோம்" என்பேன். "முகத்தைக் காட்டு" என்பாள். காட்டுவேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள். பிறகு, "பிள்ளையக் காட்டு." போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். கதவைத் தள்ளினால் மகள் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "நல்லாருக்கேன் பெரியம்மா" என்பாள். அக்கா உடனே வைக்க மாட்டாள். நானும் நகர மாட்டேன். விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். மகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், நாங்கள் பார்த்து முடிக்கிற வரைக்கும்.